1938 லூயிஸா, 1966 அலியா? குன்னூரிலிருந்து ஒரு கேள்வி

குன்னூர்க்காரன் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் நாற்பது வருடமாக முடியாமல் கிடக்கும் ஒரு வழக்கை இங்கே கொண்டு வருகிறேன். அமெரிக்காவின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்கள் ஜோ லூயிஸும் முகமது அலியும் ஒரே காலத்தில் பிறந்து ஒரே ரிங்கில் இறங்கியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? அப்பா லூயிஸ் கட்சி, நான் அலி கட்சி. அப்பாவுக்கு இப்போது 84 வயது. மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததிலிருந்து வெளியே போவதில்லை. குல்லாவும் மஃப்ளருமாக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேறு பேச்சில் அவருக்கு நாட்டம் குறைந்துவிட்டது. ஆனால் சாயங்காலம் டீயும் வர்க்கியும் கொண்டுபோய் வைத்தால் இந்தப் பேச்சை மட்டும் தவறாமல் எடுப்பார். அவர் இருக்கும்போதே இதற்கு நியாயமான ஒரு தீர்ப்பு கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முன்கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்பா 1960-இல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சியில் இருக்கும்போதே அவரை பாக்ஸிங் டீமுக்கு எடுத்துவிட்டார்கள். சொல்லிக்கொடுத்த உஸ்தாத் பர்மா சண்டையில் இருந்தவர். முகாமில் வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டிய செய்திப்படத்தில், ஜெர்மனிக்காரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை லூயிஸ் அடித்ததைப் பார்த்தவர். 1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். 124 வினாடியில் முடிந்துபோன சண்டை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் இதே ஷ்மெலிங்கிடம் 12-ஆவது ரவுண்டில் விழுந்தவர்தான் லூயிஸ். உஸ்தாத் அந்த 124 வினாடியையும் கையாலும் காலாலும் நடித்துக் காட்டுவாராம். அப்பா எனக்கு அதை நடித்துக் காட்டியிருக்கிறார். பல வருடம் கழித்து யூடியூபில் அந்தப் படத்தைப் பார்த்தபோது, அடுத்து எந்தக் கை வரும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரம். மரத்தூள் அடைத்த சாக்கு ஒன்றை அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நான் ஓங்கிக் குத்துவேன், சாக்கு ஊஞ்சல் மாதிரி ஆடும். எனக்குப் பெருமையாக இருக்கும். அப்பா சாக்கைப் பிடித்து நிறுத்துவார். ஆறு அங்குலம் தள்ளி முஷ்டியை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தட்டுதான் தட்டுவார். சாக்கு ஆடாது. நடுவில் மடங்கும். மடங்கிய இடத்தில் தையல் வழியாக மரத்தூள் பொசுக்கென்று வெளியே வரும். "ஆடுனா நீ தள்ளியிருக்கேன்னு அர்த்தம். மடங்குனாத்தான் அடி. லூயிஸ் அடிச்சா மனுசன் பின்னால போகமாட்டான், நின்ன எடத்துலயே உட்காருவான்" என்பார். உறைபனி விழும் ஜனவரிக் காலைகளில் அந்தச் சாக்கு விறைத்துக் கல் மாதிரி இருக்கும். அன்றைக்கும் விடமாட்டார்.

காலும் அப்படித்தான். லூயிஸ் காலைத் தூக்கி வைப்பதில்லை, தேய்த்துக்கொண்டே வருவார். அப்பா சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு அதைச் செய்தால் சர், சர் என்று சத்தம் மட்டும் கேட்கும். ஆள் நம் மேலேயே வந்துவிட்டது அப்புறம்தான் தெரியும்.

அப்பாவுக்கு லூயிஸைப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. அவர் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1942 ஜனவரியில் பட்டி பேருடன் மோதி, வந்த பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்தார். மறுநாளோ அதையடுத்தோ ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டார். மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிய பணம் ராணுவ நிவாரணத்துக்குப் போனது. அலி 1967-இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, மூன்றரை வருடம் ரிங்கில் இறங்க முடியவில்லை. அப்பாவுக்கு அது நெடுநாள் நெருடல். எனக்கு அப்படி இல்லை. 25 வயதில் பட்டத்தையும் சம்பாத்தியத்தையும் இழந்துவிட்டு நின்றவரிடம் இருந்தது பெரிய துணிச்சல் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். இதைப் பேசப் போய் தட்டில் சோற்றை விட்டுவிட்டு எழுந்த நாட்களும் உண்டு.

1980-இல் அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். எனக்கு ஒன்பது வயது. அலியைப் பிடிக்காத என் அப்பா, அம்மாவிடம்கூடச் சரியாகச் சொல்லாமல் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துவிட்டார். திரும்பி வந்து இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் சாக்குக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, என்னை முகத்தில் குத்தச் சொன்னார். தலையை மட்டும் பின்னால் இழுத்து இழுத்துத் தப்பிக்கப் பார்த்தார். ஒன்பது வயதுப் பையனின் குத்து, அதிலும் மூன்றில் ஒன்று தாடையில் பட்டுவிட்டது. "இது கழுத்து வேலை இல்லடா, கண்ணு வேலை. அவனுக்கு வயசு 38, தொப்பையும் போட்டாச்சு. அப்பவும் கிளவுஸ் எந்த எடம் வரைக்கும் வரும்னு அவன் கண்ணுக்குத் தெரியுது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் லூயிஸ் ஜெயிப்பார் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் இருவருக்கும் சம்மதமான நிபந்தனை இது. ஷ்மெலிங்கை அடித்த 1938 லூயிஸ். ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த 1966 நவம்பர் அலி. 15 ரவுண்டு. யார் பெரிய ஆள் என்று எழுதாதீர்கள். சண்டை எப்படிப் போகும், எந்த ரவுண்டில் எந்த அடி என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறேன்.

ஊட்டி பி.டி. வாத்தியார் எழுதியது:

தம்பி, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சாக்கு மடங்குவது பற்றி அவர் சொன்னதை நான் முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேறு வேறு வார்த்தையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

ஆனால் என் தீர்ப்பு அலி. 15 ரவுண்டும் போகும், புள்ளியில் ஜெயிப்பார்.

லூயிஸைத் திணறவைத்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பில்லி கான், ஜெர்சி ஜோ வால்காட். இரண்டு பேரும் ஓர் இடத்தில் நிற்காதவர்கள். 1941 ஜூனில் போலோ கிரவுண்ட்ஸில் கான் இறங்கியபோது லூயிஸை விடப் பத்து கிலோவுக்கு மேல் குறைவு. 12 ரவுண்டு முடிந்தபோது புள்ளியில் முன்னால் இருந்தது அவர்தான். 13-ஆவதில் நின்று அடித்து ஆளையே சாய்த்துவிடலாம் என்று ஆசைப்பட்டார், தானே விழுந்தார், அந்த ரவுண்டு முடிய இரண்டே வினாடி இருக்கும்போது பத்து எண்ணி முடித்தார்கள். வால்காட் 1947 டிசம்பரில் லூயிஸை இரண்டு முறை தரையில் உட்காரவைத்தார். தீர்ப்பு லூயிஸுக்கு வந்தது, பார்த்த கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. அது 33 வயது லூயிஸ் என்று அப்பா சொல்வார், அது நியாயம்தான். கானோடு மோதியபோது 27 தானே! கான் 79 கிலோ ஆள். அதே கால் ஓட்டத்தை 96 கிலோவில், 6 அடி 3 அங்குல உயரத்தில், இரண்டு அங்குலம் கூடுதல் கைநீட்டத்தோடு நினைத்துப் பாருங்கள். அதுதான் அலி. லூயிஸ் 6 அடி 2, ஷ்மெலிங் சண்டையன்று 90 கிலோ.

இடது கையையும் சொல்ல வேண்டும். லூயிஸ் ஜாப், அதாவது முன்கையால் நேராக விடும் குத்து, விட்ட பிறகு கை நேராகக் கன்னத்துக்குத் திரும்பாது, கொஞ்சம் தாழ்ந்து வரும். ஷ்மெலிங் 1936-க்கு முன்னால் லூயிஸின் சண்டைகளைக் கவனித்துக் கண்டுபிடித்தது அதைத்தான். நாலாவது ரவுண்டில் அந்த வழியாக வலது கையை விட்டார். லூயிஸ் தொழில்முறைச் சண்டையில் விழுந்தது அதுதான் முதல் முறை. பயிற்சியாளர் ஜாக் பிளாக்பர்ன் பிறகு அதைச் சரிப்படுத்தினார் என்றாலும், முழுக்கப் போய்விட்டதாக என் கண்ணுக்குப் படவில்லை. அலியின் வலது கை ஷ்மெலிங்குடையதை விட வேகம். முதல் ஐந்து ரவுண்டில் லூயிஸின் இடது கண் வீங்கிவிடும். அதற்கு அப்புறம் வலது கை வருவது அவருக்குத் தெரியாது.

கம்ப்யூட்டரிடம் கேட்டால் போச்சு என்று யாராவது எழுதுவதற்கு முன் இதையும் சொல்லிவிடுகிறேன். இது புது யோசனை இல்லை. 1967-இல் அமெரிக்காவில் ஒரு வானொலித் தயாரிப்பாளர் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, தோற்றவர் வெளியேறும் போட்டி மாதிரி நடத்தினார். அதில் ஜிம் ஜெஃப்ரீஸிடம் அலி தோற்றதாக வந்தது. அலி மானநஷ்ட வழக்கே போட்டார். அந்த வழக்கு சமரசமான பிறகுதான் அலியும் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் 1969-இல் மியாமியில் கேமரா முன்னால் நிஜமாகவே கிளவுஸ் மாட்டி நடித்தார்கள். ஓய்வு பெற்று 13 வருடமான மார்சியானோ அதற்காக எடையைக் குறைத்து, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் சொன்னதாக ஒன்றைச் சேர்த்தார்கள். 1970 ஜனவரியில் தியேட்டரில் ஓடியபோது 13-ஆவது ரவுண்டில் அலி விழுந்தார். ஜெயித்ததை மார்சியானோ பார்க்கவில்லை. படம் எடுத்துக் கொஞ்ச நாளில், 1969 ஆகஸ்ட் 31 அன்று விமான விபத்தில் போய்விட்டார். மறுநாள் அவருக்கு 46 வயது தொடங்கியிருக்கும். என்னால் அந்தப் படத்தின் துண்டுகளைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

கூடலூர் டைசன் ரசிகன் எழுதியது:

1988 ஜூன் மாத மைக் டைசனை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது எனக்கு ஏற்பாக இல்லை. அதுவரை ஒரு சண்டையும் தோற்காத மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 வினாடியில் முடிந்தார். லூயிஸின் 124-ஐ விடக் குறைவு. 20 வயதில் பட்டம் எடுத்தவர். 5 அடி 10 அங்குல ஆள் கீழே குனிந்து உள்ளே வந்துவிட்டால் அலியின் ஜாபுக்கு வேலையே இல்லை. அந்த வேகத்தை நேரலையாக டிவியில் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள்.

கோத்தகிரி பாக்ஸர் பொண்ணு எழுதியது:

வாத்தியார் ஐயா, டைசன் அண்ணா, நான் 54 கிலோவில் மாவட்ட அளவில் விளையாடுகிறேன். அனுபவத்தில் உங்களுக்கு ரொம்பப் பின்னால் இருப்பவள். ஆனால் பின்னால் சாய்ந்து தப்பிக்கிற ஆளோடு நான் ரிங்கில் இருந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருடம் என்னை விட ஒரு சாண் உயரமான பொண்ணு. கையைத் தொங்கப் போட்டுத்தான் நிற்பாள். முதல் ரவுண்டு முழுக்க நான் காற்றைத்தான் குத்தினேன். குத்துப் படாமல் போவது பட்டதை விடக் களைப்பு. தோள் இரண்டும் இரும்பு மாதிரி ஆகிவிட்டது. மூலைக்கு வந்ததும் கோச் தண்ணீர் கொடுக்கும் முன்பே, "தலை ஓடும், இடுப்பு ஓடாது. பெல்ட்டுக்கு மேல போடு" என்றார். இரண்டாவது ரவுண்டில் தலையைப் பார்க்கவே இல்லை. விலாவிலும் தொப்புளுக்கு மேலும் மட்டும் போட்டேன். மூன்றாவதில் அவள் சாய்ந்தாள், ஆனால் சாய்ந்த பிறகு கால் பின்னால் போகவில்லை. அப்படியே சாய்ந்த நிலையில் நின்றாள். கண்ணுக்கு எதிரே தாடை.

ஷ்மெலிங் சண்டையைப் பாருங்கள். அவர் கயிற்றில் சாய்ந்து திரும்பும்போது லூயிஸ் வலது கையை உடம்பில்தான் போட்டார். அந்த அடியில் முதுகெலும்பில் முறிவு ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். லூயிஸுக்கு உடம்பில் அடிக்கத் தெரியும். அலி உடம்பில் அடிப்பதே அபூர்வம், அதனால் லூயிஸின் கால் 15 ரவுண்டும் அப்படியே இருக்கும்.

அலி விழுந்த இடங்களும் எனக்குத் தெரியும். 1962-இல் சானி பேங்க்ஸ், 1963-இல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர், 1971 மார்ச்சில் ஜோ ஃப்ரேசியர். மூன்றுமே இடது ஹூக், முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசுகிற அடி. லூயிஸின் வலது கையைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், அவருடைய இடது ஹூக்கும் ஆறு அங்குலத்தில் கிளம்புவதுதான்.

ஒரு விஷயத்தில் வாத்தியார் பக்கம் பலம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஃப்ரேசியர் குனிந்து குனிந்து உள்ளே வந்தார். லூயிஸ் நிமிர்ந்தே வருவார். நிமிர்ந்து வந்தால் ஜாப் வாங்கித்தான் ஆக வேண்டும். பின் எப்படி நெருங்குவது? துரத்தக் கூடாது, வழியை மறிக்க வேண்டும். நம் ஊரில் பஸ் கொண்டை ஊசி வளைவு சுற்றி ஏறும், நாம் டீத்தோட்டத்துக் குறுக்குப் பாதையில் ஏறி மேல் ரோட்டில் அதற்கு முன்னால் நிற்போம் இல்லையா, அதுதான். அலி வட்டம் போடுவார். லூயிஸ் அரை அடி பக்கவாட்டில் தேய்த்து வைத்தால் போதும். குன்னூர் அண்ணா, உங்கள் அப்பா சிமெண்ட் தரையில் காட்டியது இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

என் கணக்கு: பத்து ரவுண்டு வரை அலி வெகுதூரம் முன்னால். 11-இல் கால் தணியும். 13 அல்லது 14-இல் விலாவில் ஒரு வலது, தாடையில் இடது ஹூக். லூயிஸ்.

கொடைக்கானல் பழக்கடை எழுதியது:

குன்னூர் நண்பரே, 15 ரவுண்டு என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பாதித் தீர்ப்பு அதிலேயே இருக்கிறது. 1982 நவம்பரில் கொரியாவின் கிம் டக்-கூ என்ற லைட்வெயிட் வீரர் 14-ஆவது ரவுண்டில் விழுந்து உயிரிழந்த பிறகு, பட்டப் போட்டிகளை ஒவ்வொரு அமைப்பாக 12 ரவுண்டுக்குக் குறைத்துவிட்டார்கள். இன்றைய விதியில் 1941 கான் சண்டை நடந்திருந்தால் லூயிஸ் அன்றைக்கே பட்டத்தை விட்டிருப்பார். 1937 முதல் 1949 வரை, 25 முறை பட்டத்தைக் காத்தவர் என்ற சாதனையே வந்திருக்காது. மார்சியானோ 1952-இல் வால்காட்டைச் சாய்த்ததும் 13-ஆவது ரவுண்டில்தான், அதுவரை புள்ளியில் பின்னால் இருந்தார். 49 சண்டை, 49 வெற்றி என்பதும் அந்த ரவுண்டு இல்லாவிட்டால் இல்லை. ஃப்ரேசியர் அலியை விழ வைத்தது 15-ஆவதில். அதனால் யார் ஜெயிப்பார் என்று கேட்கும்போது, யாருடைய விதியில் என்று முதலில் எழுதிவிட வேண்டும். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நல்லது.

என் சந்தேகம் எடையில். இன்றைக்கு 90.7 கிலோ வரைக்கும் குரூஸர்வெயிட், ஹெவிவெயிட்டுக்குக் கீழ்ப் பிரிவு. அந்தக் கணக்கில் 1938 லூயிஸும் 84 கிலோ மார்சியானோவும் ஹெவிவெயிட்டே இல்லை. பிரிட்டன்காரர் டைசன் ஃபியூரி 6 அடி 9 அங்குலம், 2024 மே மாதம் ரியாத்தில் 119 கிலோவில் இறங்கினார். அவர் முன்னால் லூயிஸை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. கிளவுஸும் இப்போது பத்து அவுன்ஸ், அப்போது அதை விட லேசு.

கோத்தகிரி பாக்ஸர் பொண்ணு எழுதியது:

கொடைக்கானல் அண்ணா, அதே ரியாத்தில் ஃபியூரியை ஜெயித்த உசிக் 101 கிலோதானே. குரூஸர்வெயிட்டில் இருந்து மேலே வந்தவர். 18 கிலோ வித்தியாசம். லூயிஸும் 1935-இல் பிரிமோ கார்னெராவை ஆறாவது ரவுண்டில் முடித்தார், கார்னெரா 118 கிலோ. 1919-இல் ஜாக் டெம்ப்சி 85 கிலோவில் 111 கிலோ வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை சாய்த்தார். அப்போது விழுந்தவர் பக்கத்திலேயே நிற்கலாம், எழுந்ததும் அடிக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விழ வைத்தவர் நியூட்ரல் மூலைக்கு, அதாவது இருவருக்கும் சொந்தமில்லாத மூலைக்கு, போக வேண்டும் என்ற விதி கண்டிப்பானது அப்புறம்தான். ஆனால் பெரிய ஆளுக்கு நுட்பமும் இருந்தால் கதை வேறு, அதை மறுக்கவில்லை.

குன்னூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் மேகம் இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. அப்பாவை உள்ளே அழைத்து, விறகடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலிலிருந்து கடைசி வரை படித்தேன்.

வாத்தியார் ஐயா எழுதியதைப் படிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இடது கை தாழ்ந்து திரும்புவதைப் பற்றி வந்ததும் அவருடைய இடது கை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து தானாகவே எழும்பியது. நீட்டினார், திருப்பினார். கன்னத்துக்கு வராமல் தோளுக்குக் கீழேதான் வந்தது. இன்னொரு முறை செய்தார், அப்போதும் கீழேதான். "உஸ்தாதும் இப்படித்தான் கொண்டுவருவார். லூயிஸ்கிட்ட இருந்த தப்பையும் சேர்த்து நமக்குக் கத்துக்கொடுத்திருக்காரு" என்றார். 65 வருடம் கழித்து அவர் தன் கையில் அதைக் கண்டுபிடித்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நானும் நீட்டிப் பார்த்தேன். என் கையும் தாழ்ந்துதான் வருகிறது.

மார்சியானோ பற்றி ஒன்று சொன்னார். லூயிஸின் கடைசிச் சண்டை அவரோடுதான், 1951 அக்டோபர், 37 வயதில். எட்டாவது ரவுண்டில் கயிற்றுக்கு வெளியே விழுந்தார். வரிக்கடனை அடைக்கத்தான் அந்த வயதில் திரும்பி வந்தார். பட்டாளத்துக்கும் கடற்படைக்கும் பணம் கொடுத்தவரை வரிக்காரர்கள் விடவில்லையே என்று அப்பா நேற்றும் வருத்தப்பட்டார். ஜெயித்த மார்சியானோ உடை மாற்றும் அறையில் அழுதாராம், அதை நினைத்தால்தான் மார்சியானோ மேல் அவருக்குக் கோபம் வருவதில்லை.

கோத்தகிரி தங்கச்சி எழுதியதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு நல்ல கோச் கிடைச்சிருக்காரு. பொண்ணு கண்ணும் நல்ல கண்ணு" என்றார். குறுக்குப் பாதை பகுதியை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரிங் எத்தனை அடி?"

இத்தனை வருடத்தில் நாங்கள் இதை யோசிக்கவே இல்லை. வருடம், எடை, ரவுண்டு எல்லாம் பேசியாயிற்று, ரிங் அளவைப் பேசவில்லை. வாத்தியார் ஐயா, என்ன சொல்லட்டும்?

ஊட்டி பி.டி. வாத்தியார் எழுதியது:

நல்ல கேள்வி. நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கயிற்றுக்கு உள்ளே 16 அடியிலிருந்து 24 அடி வரை போட்டிருக்கிறார்கள். 20 அடி என்று வைத்துக்கொள்ளலாம், இருவருக்கும் பொது. நாலு அடி குறைந்தாலும் கூடினாலும் ஓடுகிறவருக்கும் மறிக்கிறவருக்கும் பெரிய வித்தியாசம்.

குன்னூர்க்காரன் எழுதியது:

20 அடி என்று சொன்னேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "20-ன்னா லூயிஸ். அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி 13-ஆவது ரவுண்டு. 24-ன்னா லூயிஸால மறிக்க முடியாது. அலி" என்றார்.

அலி என்று அப்பா வாயால் நான் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் பதில் எதுவும் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இன்று காலை வெயில் நன்றாக அடித்தது. சாக்பீஸ் கேட்டார். வாசலில் 20 அடிக்கு ஒரு சதுரமும், அதைச் சுற்றி 24 அடிக்கு ஒரு சதுரமும் போடச் சொன்னார். எங்கள் வாசல் மொத்தமே 14 அடி, அந்தப் பக்கம் சரிவு. அதனால் கீழே ரோட்டோரம் லாரி திரும்புகிற இடத்தில் டேப் வைத்து அளந்து, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரை வைத்துக் கோடு போட்டேன். அப்பா மேலே நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டு, மூலை கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை அழிக்கச் சொன்னார். இப்போது ஒரு பையன் அலி, வட்டமாக ஓடுகிறான். இன்னொருவன் லூயிஸ். காலைத் தூக்காமல் தேய்க்க வேண்டும் என்று அவனுக்கு மேலேயிருந்து சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வாத்தியார் ஐயா, கோத்தகிரி தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை மழை இல்லாவிட்டால் கோடு அழியாமல் இருக்கும். குன்னூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள்.